ஈப்போப் பயணமும் படத்தில் விழாத ஒருவனும்

போன ஐப்பசியில் நான் ஈப்போவுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. பயாஸ்கோப் படம் எடுக்கப் போன ஒரு கம்பெனிக்குத் துபாஷியாகப் போனேன். பினாங்கில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருப்பவன் நான். எனக்குத் தமிழும் இங்கிலீஷும் ஓரளவு ஓடும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். யுத்தம் முடிந்து எட்டு வருஷமாகியும் எங்கள் அச்சுக்கூடத்தில் வேலை மந்தமாகவே இருந்ததால், முதலாளி சந்தோஷமாக லீவு கொடுத்தார். மலாய் நாட்டில் ஈப்போ இருக்கும் பேராக் பக்கம் வர நினைக்கும் வாசகர்கள் வழி, கட்டணம், மழை பற்றியெல்லாம் விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். அதைச் சொல்கிறேன். நடுவே வேறொரு விஷயமும் வரும். உண்மையில் அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், பொறுமையாகப் படியுங்கள்.

பினாங்கிலிருந்து படகில் ப்ராய் போய், அங்கே காலை எட்டு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். படகுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். மூட்டைகளை ஏற்றுவதில் நடக்கும் தள்ளுமுள்ளு சொல்லி மாளாது. ஈப்போ நூறு மைலுக்குச் சற்று மேல். மூன்றாம் வகுப்பில் மரப் பலகைதான், ஒரு ஜமக்காளம் கொண்டு போனால் இடுப்பு பிழைக்கும். பாரிட் புந்தார் வரை இரண்டு பக்கமும் நெல் வயல். நான் போனபோது வயல் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரே சாம்பல் நிறத் தண்ணீர். தைப்பிங்கில் மழை கொட்டியது. அந்த ஊரில் மழை கொட்டாத நாளைப் பார்த்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஈப்போ ஸ்டேஷன் அரண்மனையைப் போலக் கட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து வெளியே வந்ததும் சேறு. மார்க்கெட் பக்கம் நம் ராமநாதபுரத்து முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளின் மேல்மாடியில் கட்டில் வாடகைக்குக் கிடைக்கும். ஓர் இரவுக்கு நாற்பது காசு. கொசுவலை உண்டா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் படி இறங்கிவிடுங்கள். கீழே மீன் குழம்பு நன்றாக இருந்தது. இந்தப் பயணத்தில் நன்றாக இருந்தவை என்று சொன்னால், அந்தக் குழம்பையும் லாரிக்காரர் காதரையும்தான் சொல்வேன்.

படம் எடுப்பது ஒருவர் செய்யும் வேலை என்று நான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அங்கே ஆளுக்கொரு வேலை, ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. முதலில் துரை. யார் எங்கே நிற்பது, எப்போது சிரிப்பது என்றெல்லாம் சொல்கிறவர். அடுத்து காமிரா பிடிக்கும் பீட்டர், பினாங்கில் பிறந்த சட்டைக்காரர், வெள்ளைக்காரக் கலப்பு. முக்காலியில் பெட்டியை வைத்து, கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றுவார். சுற்று தவறினால் படத்தில் மனிதர்கள் ஓடுவார்கள் அல்லது ஊர்வார்கள் என்பதால், சுற்றும்போது வாய்க்குள் ஏதோ தேவாலயப் பாட்டைத் தாளத்துக்கு முணுமுணுப்பார். காதருடைய வேலை லாரி, சாமான், வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும் தகரப் பலகை. துரை சொல்வதைத் தமிழில் சொல்வது என் வேலை. பிறகு, படம் காட்டும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் ஆளுக்கு வாசகம் எழுதித் தர வேண்டும். படத்தை வெட்டி ஒட்டுகிறவர் எங்களோடு வரவில்லை. அவர் லண்டனில் இருக்கிறார்.

மறுநாள் காலை காதரின் லாரியில் கிளம்பினோம். ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் பதினான்கு மைல். குனோங் ராபாட் தாண்டும்போது இரண்டு பக்கமும் சுண்ணாம்பு மலைகள் செங்குத்தாக எழுந்து நின்றன. பாதிக்கு மேல் மேகம். மலைக்குக் கீழே ஈயம் தோண்டிய குழிகளில் மஞ்சள் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இந்த மலைகளைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அவற்றின் அடியிலிருந்து எப்போது வெளியே வருவோம் என்றிருந்தது.

"என்ன தம்பி, படம் எடுக்குறாங்க எடுக்குறாங்கன்றாங்க, எதுக்குன்னு தெரியுமா?" என்று காதர் கேட்டார்.

தோட்ட வாழ்க்கையைக் காட்டும் படம் என்றேன்.

"தோட்டத்துல இருக்கவனுக்குத் தோட்டத்தக் காட்டி என்ன லா? ஊர்ல இருக்கவனுக்குக் காட்டத்தான். இப்பல்லாம் ஊர்லேருந்து ஆளு வரமாட்டேங்குது. ஆளு புடிக்க வர்ற கங்காணி வாய்ச் சொல்ல நம்ப மாட்றாங்க. கண்ணால பாத்தா நம்புவாங்கல்ல?" அந்த 'லா' மலாய்க்காரர் பேச்சிலிருந்து ஒட்டிக்கொண்டது.

தோட்டத்தின் நிஜப் பெயரை எழுதினால் வம்பு. கல்லுமலைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் மரங்களுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிட்டது. ஒரே அளவில் வரிசை வரிசையாக மரம், எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே வரிசை. எங்களுக்காக, கூலிகள் குடியிருக்கும் வீட்டு வரிசைகளில் முன்வரிசை லயத்துக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பின்வரிசை லயங்கள் பாசி பிடித்துக் கறுத்து நின்றன. பெட்டியை எந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்பதைத் தோட்டத்துக் கிராணி எங்களுக்கு முதலிலேயே காட்டிவிட்டார். கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பவரை அங்கே கிராணி என்பார்கள். லயத்து ஜனங்களுக்கு அவர் சொல்தான் சட்டம்.

இரண்டு நாள் மழையில் போயிற்று. மூன்றாம் நாள் காலை லேசாக வெயில் வந்ததும் துரை ஒரு குடும்பம் வேண்டும் என்றார். புருஷன், பெண்சாதி, கைக்குழந்தை. சுண்ணாம்பு அடித்த வாசலில் நின்று மூவரும் சந்தோஷமாக இருக்க வேண்டும். கிராணி லயத்தில் போய்ப் பார்த்து அஞ்சலை என்ற பெண்ணை அழைத்து வந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண், இருபது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கலாம். இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை. துரைக்கு இருவரையும் பிடித்துவிட்டது. அஞ்சலைக்குப் பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவள் புருஷன் முனுசாமியும் வந்தான். மலேரியா என்கிற முறைக்காய்ச்சல். முகம் மஞ்சள் பூத்து, கண் உள்ளே போய், வயிறு மட்டும் முன்னால் நின்றது. துரை அவனை ஒரு தரம் பார்த்தார். பிறகு கிராணியிடம், நல்ல உடம்புள்ள வேறு ஆள் வேண்டும் என்றார்.

ஸ்டோரில் சாமான் நிறுக்கும் ராஜு என்ற பையனைக் கொண்டு வந்து அஞ்சலை பக்கத்தில் நிறுத்தினார்கள். அவள் முந்தானையை நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சும்மா நிக்கிறதுதானே ஐயா?"

சும்மா நிற்பதுதான் என்றேன். அவள் முனுசாமியைப் பார்த்தாள். அவன், "நில்லு புள்ள. கிராணி சொன்னா நிக்கத்தான வேணும்" என்றான். அப்போது படத்தை எங்கே காட்டப் போகிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பீட்டருக்கு வேறு கவலை. அஞ்சலை கட்டியிருந்தது சிவப்புச் சேலை. இந்தப் படச்சுருளில் சிவப்பு கறுப்பாக விழுமாம். வாசலின் இருட்டோடு கலந்து ஆள் தெரியாமல் போய்விடுவாள், மாற்றச் சொல் என்றார். ஸ்டோரிலிருந்து வெளிறிய நீலத்தில் ஒரு சேலை வந்தது. அதைப் பார்த்ததும் பீட்டர் தலையாட்டினார். அஞ்சலை உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். முதல் முறையாகச் சிரித்தாள். புதுச் சேலை அல்லவா.

காதர் தகரப் பலகையைச் சாய்த்து வெயிலை அவள் முகத்தில் விழவைத்தார். பீட்டர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சுற்றத் தொடங்கினார். முனுசாமி பீட்டருக்கு வலது பக்கத்தில், ஒரு கவிழ்த்த பால் வாளி மேல் உட்கார்ந்திருந்தான். குழந்தையைக் காமிராவைப் பார்க்கவைக்க துரை என்னவெல்லாமோ செய்தார், விரலைச் சொடுக்கினார், தொப்பியை ஆட்டினார். அது அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் அப்பனைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே இருந்தது. அதற்குள் வெயில் போய்விட்டது. போதும் என்றார் துரை.

சாயங்காலம் லாரியில் சாமான் ஏற்றும்போது அஞ்சலை வந்தாள். முனுசாமியும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். படத்தை ஊர்ப் பக்கம் காட்டப் போகிறார்கள் என்று கிராணி அப்போதுதான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

"எங்க ஊர்ப் பக்கமாக் காட்டுவாங்களா ஐயா? செய்யாறு பக்கம் புளியந்தாங்கல்."

ஆற்காடு, சேலம் பக்கமெல்லாம் கூடாரம் போட்டுக் காட்டுவார்கள் என்று கேள்வி என்றேன்.

"எங்கம்மா பாப்பாங்களா? பாப்பாவ அவங்க பாத்ததே இல்ல." அவள் முகம் மலர்ந்து, அடுத்த கணமே மாறிவிட்டது. "ஐயோ, அப்ப இவரு? பக்கத்துல நிக்கிறவன எம்புருசன்னு நெனச்சுக்குவாங்களே."

முனுசாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "முன்னாடியே சொல்லியிருந்தா நானும் ஓரமா நின்னுருப்பேன். கம்பளிய எடுத்துட்டு நின்னுருப்பேன்."

அம்மாவுக்குக் கடிதம் எழுதித் தருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"அம்மா நம்புவாங்க ஐயா. ஊரு நம்பணுமே. தங்கச்சிக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்காங்க. அக்காக்காரி இப்படின்னு ஒருத்தன் சொன்னாப் போதுமே, எவன் வருவான்? அந்தப் படத்த மட்டும் எடுத்துரச் சொல்லுங்க."

அன்று இதன் முழு விபரீதம் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புருஷன் மாறிப்போனதுதான் பிரச்சினை என்று நினைத்தேன். ஈப்போவுக்குத் திரும்பி, பீட்டர் ஓர் இருட்டறையில் சுருளைக் கழுவிக் காயவைத்து, ஒரு பயாஸ்கோப் கொட்டகையைக் காலையில் ஒரு மணி நேரம் வாடகைக்குப் பிடித்துத் திரையில் ஓட்டியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஞ்சலை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாள். நீலம் சுத்த வெள்ளையாக விழுந்திருக்கிறது. முந்தானை நெற்றியை மறைத்ததில் பொட்டு தெரியவில்லை. தாலி சேலைக்குள். பக்கத்தில் திடகாத்திரமாக ஓர் அந்நிய வாலிபன். புளியந்தாங்கலில் இதைப் பார்க்கிற யாரும் ஒன்றைத்தான் நினைப்பார்கள்: கட்டினவன் கடல் தாண்டிச் செத்துவிட்டான், இவள் முண்டச்சிக் கோலம் கலையும் முன்பே இன்னொருத்தனைப் பிடித்துக்கொண்டாள்.

பீட்டரிடம் கேட்டேன். நீலம் வெள்ளையாகத்தான் விழும், அதனால்தானே அதைப் பார்த்ததும் சரி என்றேன் என்றார் அவர். "பளிச்சென்று இருக்கிறாளே. எங்கள் கோயிலில் கல்யாணப் பெண் இப்படித்தான் நிற்பாள்." கெட்ட மனிதர் இல்லை. நான் விளக்கியதும் கையிலிருந்த சுருட்டைக் கீழே வைத்துவிட்டார். நீலம் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும், வெள்ளைக்கு நம்மிடம் என்ன பொருள் என்பது தெரியாது. எனக்கு வெள்ளையின் பொருள் தெரியும், நீலம் என்ன ஆகும் என்பது தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை.

"அதை வெட்டி எறிந்துவிடுங்களேன்" என்றேன்.

"சுற்றுவது என் வேலை. வெட்டினால் என் வேலை போகும்" என்றார் பீட்டர்.

துரையிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எடுப்பதோடு தன் பொறுப்பு முடிந்தது, எதை வைப்பது, எதை நீக்குவது என்பதெல்லாம் லண்டனில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்றார். மறுபடி ஒருமுறை எடுக்கலாமே என்றேன். கைவசம் சுருள் இல்லை, மழையும் விடவில்லை. அந்தக் குழந்தையைப் போல் ஒரு குழந்தை இனிக் கிடைக்காது, படத்திலேயே சிறந்த காட்சி அதுதான் என்றும் சொன்னார்.

என் வேலை வாசகம் எழுதுவது. சரி, அதையாவது செய்வோம் என்று, கதை சொல்பவனுக்கான தாளில் எழுதினேன்: 'பக்கத்தில் நிற்பவர் இந்தப் பெண்ணின் புருஷர் அல்ல, படத்துக்காக நின்றவர். புருஷர் சுகமாக இருக்கிறார். சேலையின் நிறம் நீலம்.' துரை அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

"அவன் புருஷன் இல்லை என்றால், புருஷன் எங்கே என்று கேட்பார்கள். காய்ச்சலில் கிடக்கிறான் என்று சொல்ல முடியுமா? பிறகு எவன் கப்பல் ஏறுவான்?"

அவர் சொன்னது பொய்யும் அல்ல. அன்று இரவு மீன் குழம்பைத் தொடாமல் மாடி ஏறினேன்.

மறுநாள் ரயிலை விட்டுவிட்டுக் காதரிடம் போய், மறுபடி ஒருமுறை தோட்டத்துக்குக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டேன். அவர் கூலி பேசவில்லை. குனோங் ராபாட் மலை தாண்டியதும் தானாகச் சொன்னார்:

"நான் தகரத்தப் பிடிச்சேன். ஒங்க சட்டைக்காரர் சுத்தினாரு. நீங்க தமிழ்ல சொன்னீங்க. யாரு தம்பி கெடுதல் பண்ணோம்? ஒருத்தரும் பண்ணல. ஆனா ஆயிப்போச்சு லா."

லயத்தில் முனுசாமி இல்லை. முந்தின நாள் பத்து காஜா என்ற ஊரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். அஞ்சலை வெட்டு முடிந்து, ரப்பர் பால் வாடையோடு வந்தாள். உடம்பில் அதே நீலச் சேலை. கிராணி திருப்பிக் கேட்கவில்லையாம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சேலை வெள்ளையாக விழுந்ததையும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவள் முந்தானையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அவரு ஆஸ்பத்திரியில கெடக்காரு. நான் வெள்ளையில நிக்கிறேன்னு சொல்றீங்க" என்றாள்.

நான் பத்திரிகைகளுக்குப் பயணக் கட்டுரைகள் எழுதுகிறவன், நம் ஊர்களில் நாலு பேர் படிப்பார்கள், அதில் எழுதுகிறேன் என்றேன். உன் பேரை மறைத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"வேணாம் ஐயா. பேரப் போடுங்க. ஊரயும் போடுங்க. பேரு போடலைன்னா வேற யாருக்கோ சொல்றாங்கன்னு விட்ருவாங்க. அவரு பேரையும் போடுங்க. பச்சையப்பன் மகன் முனுசாமி."

போட்டுவிட்டேன். முனுசாமி இப்போது எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. பத்து காஜாவுக்குப் போகும் காதரின் ஆள் ஒருவன், எழுந்து கஞ்சி குடிப்பதைப் பார்த்ததாகச் சொன்னான். அதற்குப் பிறகு சேதி இல்லை.

இனி, வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐப்பசி, கார்த்திகையில் பேராக் பக்கம் வராதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் குடை இல்லாமல் வெளியே போக முடியாது. க்வினைன் மாத்திரையை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், கசப்புக்குப் பயந்து துப்பாதீர்கள். தோட்டங்களுக்குள் போவதாக இருந்தால் அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் நல்லது. தெலுக் ஆன்சன் பக்கம் போகிறவர்கள் ஆற்றுப் படகை நம்பாமல் ரயிலில் போங்கள். தோட்ட வேலைக்கென்றே கப்பல் ஏற நினைப்பவர்கள், முன்வரிசை லயத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போய் வந்தவர்களைக் கேளுங்கள்.

அடுத்தது, வராதவர்களுக்கு. வட ஆற்காட்டுப் பக்கமோ சேலம் பக்கமோ உங்கள் ஊரில் கூடாரம் போட்டு, மலாய் நாட்டுப் படம் என்று இனாமாகக் காட்டினால், போய்ப் பாருங்கள். ஒரு வெள்ளைச் சுவர் வரும். வாசலில் ஒரு பெண்ணும் ஒரு வாலிபனும் நிற்பார்கள். அவள் புளியந்தாங்கல் அஞ்சலை. சேலை நீலம். அவன் ஸ்டோரில் சாமான் நிறுக்கும் பையன், அவளுக்கு எந்த உறவும் இல்லை. கதை சொல்கிறவன் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படிக்கத் தெரியாதவர்களிடம் நீங்கள் இதைச் சத்தமாகச் சொல்லுங்கள். நம்பாதவர்கள் இருந்தால், அவளையும் அவனையும் விட்டுவிட்டு இடுப்பில் இருக்கும் குழந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஒரு பக்கமாகவே பார்த்து இரண்டு கையையும் நீட்டும். அந்தப் பக்கம்தான், கவிழ்த்த பால் வாளி மேல், அதன் அப்பன் உட்கார்ந்திருந்தான்.